ஐப்பசியில் நட்ட கன்று

எனக்கு ஒரு டிராக்டரும் 5,000 லிட்டர் தண்ணீர் டேங்கும் உண்டு. மானாமதுரையிலிருந்து இளையான்குடி போகிற பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாண வீடு, கட்டட வேலை, கோயில் திருவிழா என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பிழைப்பு. இதோடு பதினான்கு வருசமாக இன்னொரு வேலையும் இருக்கிறது. ரோட்டோரம், கண்மாய்க் கரை, ஊருணி மேடு என்று நட்டு வைக்கிற மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிடுவார்கள். கன்று நடுகிறவர்கள் ஒரு நாள் வருவார்கள். நான் அந்தக் கன்றுகளை வருசம் முழுக்கப் பார்க்கிறேன். எது பிழைத்தது, எது எந்த மாதம் காய்ந்தது, எதை ஆடு மேய்ந்தது என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருசம் எனக்கு வந்த வேலை 400 கன்று. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். நம்ம கணக்கில் வைகாசி கடைசி. கத்தரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, வெயில் ஒன்றும் இறங்கவில்லை. புங்கன், வேம்பு, நாவல், மகிழம் என்று நல்ல கன்றுகள். நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் தளதளவென்று வளர்ந்தவை. காலையில் ஆரம்பித்து மதியம் ஒரு மணிக்குள் நட்டு முடித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சின்னப் பெண் தன் கன்றின் கம்பில் ரிப்பன் கட்டிவிட்டுப் போனது.

ஒரு டேங்க் தண்ணீர் 400 கன்றுக்கு வந்தால் கன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். மூன்று நாளைக்கு ஒருதரம் போய் ஊற்றினேன். ஆனியில் மேகாத்து, அதாவது மேற்கேயிருந்து வீசுகிற காற்று, ஆரம்பித்தது. மழையில்லாத வெறுங்காற்று, அதுவும் மணலை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. இலைகள் ஓரத்திலிருந்து கருகின. கொழுந்து முதலில் தொங்கும், அப்புறம் சுருளும், அப்புறம் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆடி முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஐப்பசி மழை மிச்சத்தைக் கொஞ்சம் தேற்றியது. அடுத்த சித்திரையில் நான் எண்ணியபோது 61 நின்றது. ரிப்பன் கட்டிய கன்று அதில் இல்லை.

தண்ணீர் ஊற்றியவன் நான். அதனால் ஊற்றியது பத்தவில்லையோ என்று எனக்கே சந்தேகம். பங்குனியில் ஒருநாள், காய்ந்துபோன புங்கன் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையில் வந்துவிட்டது. ஒன்பது மாதம் மண்ணுக்குள் இருந்த கன்று அது. வெளியே வந்த மண்கட்டி, நர்சரிப் பையின் உருவத்திலேயே இருந்தது. பையின் மடிப்பு விழுந்த இடத்தில் வரிகூட அப்படியே இருந்தது. வேர்கள் அந்தக் கட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, சணல் உருண்டை மாதிரி பின்னிக்கிடந்தன. ஒரு வேராவது பக்கத்து மண்ணுக்குள் போயிருக்குமா என்று தேடினேன். இல்லை. குழியின் சுவரைக் கையால் தட்டினேன். செங்கல்லைத் தட்டுகிற சத்தம். அந்தச் சுவரை மென்மையான வேர் எப்படித் துளைக்கும்? ஒன்பது மாதமாக நான் தண்ணீர் ஊற்றியது மண்ணுக்கு இல்லை, மண்ணுக்குள் புதைத்த ஒரு பைக்கு.

இதை அப்பத்தாவிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு எண்பது தாண்டியிருக்கும். அவள் என் கதையை முழுசாகக் கேட்கக்கூட இல்லை. “பனங்கொட்டைய எப்படா புதைப்போம்?” என்றாள்.

“ஆவணி, புரட்டாசில.”

“கெழங்கு எப்பப் புடுங்குவோம்?”

“பொங்கலுக்கு.”

“அவ்வளவுதான்டா. அந்த மூணு நாலு மாசந்தான் மண்ணு எறங்க விடும். மத்த மாசம்லாம் மண்ணு கதவ அடைச்சிருக்கும்.”

நம் வீடுகளில் பனங்கிழங்கு அவித்துத் தின்னாத ஆள் கிடையாது. ஆனால் அது என்ன சொல்கிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஆவணியில் பழம் விழும். கொட்டையைப் பொறுக்கி மண்ணைக் குவித்துப் பாத்தியாக அடுக்கினால், முளை முதலில் மேலே வராது. கீழே போகும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தை பிறக்கும்போது தோண்டினால் ஒரு முழத்துக்குக் கிழங்கு. மேலே இலை என்று பார்த்தால் இன்னும் சரியாக விரிந்திருக்காது. வருகிற கோடையை மனதில் வைத்து, மழை இருக்கிறபோதே கீழே பாதாளம் தேடிக்கொள்கிற மரம். இந்த மண்ணில் எத்தனையோ ஆயிரம் வருசம் வாழ்ந்து பழகிய மரம் அப்படித்தான் செய்கிறது. நாம் மட்டும் ஏன் வைகாசியில் நடுகிறோம்?

அதன்பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. வன மகோத்சவம் என்று ஜூலை முதல் வாரம் கொண்டாடுகிறோமே, அது 1950-ல் தொடங்கியது. அப்போது மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி ஆரம்பித்து வைத்தார். ஜூலை என்பது வட இந்தியாவுக்கும் மேற்குக் கரைக்கும் சரியான மாதம். தென்மேற்குப் பருவமழை அங்கே அப்போதுதான் கொட்டும். ஜூன் 5 வந்த கதை வேறு. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் அது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நாளுமே நல்ல நாட்கள்தான், நான் குறை சொல்லவில்லை. மரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாம், விதை சேகரிக்கலாம், குழி வெட்டலாம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மலை மறித்த மழைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நமக்கு, ஜூனும் ஜூலையும் காற்றுக் காலம். தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கிற வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அந்த மழை பொய்த்தால் அந்த வருசமே பொய்த்தது.

உடனே ஒருவர் கேட்பார், “ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?” சொன்னார்கள். விதை என்றுதான் சொன்னார்கள். விதைக்கும் கன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. விதை முதலில் வேரை விடும். அது பிடித்த பிறகுதான் இரண்டு இலை. வேரின் பலத்துக்குத் தக்கபடி தலை வளரும். வேம்பைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பழம் உதிர்கிறது, ஒரு தூறல் விழுந்தால் மரத்தடியில் தானாக முளைத்துக்கிடக்கிறது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பைக்கன்று அப்படி இல்லை. மேலே நாற்பது ஐம்பது இலை, கீழே ஒரு சொம்பு மண். அந்த நாற்பது இலையும் வெயிலில் விடுகிற ஈரத்தை, அந்த ஒரு சொம்பு மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிக் கொடுத்தாக வேண்டும். நர்சரியில் காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர், தலைக்கு மேல் நிழல். இங்கே மூன்று நாளைக்கு ஒரு குடம், மேலே நேர் வெயில், பக்கவாட்டில் மேகாத்து. காற்றுதான் வெயிலைவிட மோசம் என்பது என் அனுபவம். ஈரத்துணியை வெயிலில் போடுவதற்கும் காற்றில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்கிறோம், அந்தக் காற்றின் நடுவில் நர்சரிப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் சாயங்காலம் இடி மின்னலோடு திடீரென ஒரு மழை அடிக்கும். வெப்பச்சலன மழை என்று வானொலியில் சொல்வார்கள். அது ஆளை ஏமாற்றுகிற மழை. மறுநாளே “மழை வந்திருச்சு, நட்டுருவோம்” என்று கிளம்பினால், அடுத்த பத்து நாள் சொட்டு விழாது. மேல்மண் நான்கு விரல்கடை நனைந்திருக்கும், அதற்குக் கீழே தூசி. நான் பார்த்தவரை இந்த மழையை நம்பி நட்டவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நெல்லைக்கூட ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டுப் பெரிய மழைக்குக் காத்திருப்பார்கள். விதை காத்திருக்கும். கன்றுக்குக் காத்திருக்கத் தெரியாது.

அப்பத்தா சொன்ன வருசமே எங்கள் வீட்டுக் கொல்லையிலும், ஊருக்கு மேற்கே ஓடையோரமும் முப்பது கன்று நட்டேன். வேம்பும் புங்கனும்தான். ஐப்பசி ஏழோ எட்டோ இருக்கும். இரண்டு நாள் அடைமழை விட்டு, மூன்றாம் நாள் மேகமூட்டமாக இருந்த சாயங்காலம். கடப்பாரைக்கு வேலையே இல்லை, மண்வெட்டி போட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நட்டேன், மழை அடித்தது, விட்டது, மறுபடி அடித்தது. கார்த்திகை முழுக்க நான் அந்தப் பக்கம் தண்ணீரோடு போகவே இல்லை. தையில் ஒரு தடவை, மாசியில் இரண்டு தடவை ஊற்றியிருப்பேன்.

அடுத்த சித்திரையில் ஓடையோரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்தது. வரிசையில் இரண்டு கன்று குறுக்கே வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் வழியில்லை. ஓட்டுநரிடம் சொல்லி ஒரு வேப்பங்கன்றின் ஓரமாக மெதுவாகத் தோண்டச் சொன்னேன். பள்ளத்துக்குள் இறங்கி நின்று பார்த்தேன். மேலே கன்று என் முழங்காலைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தது. கீழே ஆணிவேர் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளத்தின் சுவரைச் சுரண்டிச் சுரண்டி அதன் பின்னாலேயே போனேன். என் இடுப்பளவு ஆழத்துக்குப் போயும் முடியவில்லை, அங்கே நூல் மொத்தத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்து மண்ணை உள்ளங்கையில் எடுத்து அழுத்தினேன். பிடித்தது. சித்திரை வெயிலில், மேலே கால் வைக்க முடியாத சூட்டில், அங்கே ஈரம் இருந்தது. வெட்டிய கன்றின் வேரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பங்குனியில் பிடுங்கிய புங்கனின் மண்கட்டியும் இதுவும் ஒரே மண்ணில் வளர்ந்தவைதான். நட்ட மாதம்தான் வேறு.

மீதி இருபத்தெட்டில் இருபத்திரண்டு இன்று மரம். வேம்பில் இரண்டு, டிராக்டரை நிறுத்தி நிழலில் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான் என்று இப்போது புரிகிறது. மழைக்காலத்தில் மேகம், குளிர்ந்த காற்று, காற்றிலேயே ஈரம். இலை விடுகிற தண்ணீர் குறைவு. அதனால் கன்றுக்கு உயிர் பிழைக்கிற கவலை இல்லை, வேர் விடுகிற வேலையைப் பார்க்கிறது. மண் எல்லாப் பக்கமும் நனைந்து இளகிக்கிடப்பதால் வேருக்கு எந்தத் திசையும் திறந்த திசைதான். தை பிறந்ததும் மேல்மண் காய ஆரம்பிக்கும். ஈரம் கீழே இறங்க இறங்க, வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கும். இந்தத் துரத்தலுக்குக் கன்றுக்கு மூன்று மாதமாவது வேண்டும். அதனால்தான் மார்கழிக்கு அப்புறம் நட வேண்டாம் என்கிறேன். தையில் மண் ஈரமாகத்தான் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் கன்று வேர்பிடித்து நிமிர்வதற்குள் பங்குனி வந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கு நான் சொல்கிற கணக்கு: புரட்டாசிக் கடைசியில் இருந்து கார்த்திகை பாதி வரை. அதிலும் தேதி பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்துக் கையால் அழுத்துங்கள். ஒரு முழம் தடையில்லாமல் இறங்கினால் நடலாம். ஒரு சாணில் நின்றுவிட்டால் இன்னொரு மழைக்குப் பொறுங்கள். பெரியவர்கள் மழையை, மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதை வைத்து, ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று அளப்பார்கள். இரண்டு உழவு மழை விழுந்த மண் கன்றுக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

குழியை மட்டும் முன்னாடியே வெட்டிவிட வேண்டும். ஆடியிலேயே வெட்டலாம். இரண்டடி நீளம், அகலம், ஆழம். வெட்டிய குழி ஒரு மாதம் வெயிலில் ஆறட்டும். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போட்டு வைத்து, மூடும்போது மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து குழிக்குள் போட வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் சூடு, அதோடு கரையானும் வரும். கரையான் உள்ள இடமென்றால் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. குழியை முக்கால்வாசி மூடி வைத்தால் முதல் மழை அதை அமுக்கி உட்கார வைக்கும். அப்புறம் நட்டால், பின்னால் மண் அமுங்கிக் கன்று பள்ளத்துக்குள் போய் நிற்கிற நிலை வராது. செம்மண்ணுக்கு இது சரி. கரிசலில் மட்டும் ஜாக்கிரதை. கரிசலில் வெட்டிய குழி மழைக்காலத்தில் தொட்டி மாதிரி தண்ணீரைக் கட்டிவைத்துக்கொள்ளும், வேர் மூச்சுத் திணறி அழுகும். அங்கே மேடு கட்டி, மேட்டின் மேல் நட வேண்டும். நீர்மருது, நாவல், புங்கன் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் தாங்கும். வேம்பு தாங்கவே தாங்காது.

கன்று வாங்கும்போது ஆளுயரக் கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். சின்னப் பையில் உயரமாக நிற்கிற கன்றின் வேர் உள்ளே சுருண்டிருக்கும். முழங்கால் உயரம், தண்டு பென்சில் மொத்தம், இலை அடர்பச்சை, அது போதும். பையைக் கிழித்ததும் சுருண்ட வேர் தெரிந்தால் அதை மட்டும் நறுக்கிவிட்டு நடுங்கள். பயப்பட வேண்டாம், மழைக்காலத்தில் புதுவேர் உடனே வரும். வெயில்காலத்தில் இந்தத் தைரியம் கூடாது.

ஆட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வைகாசி, ஆனியில் ரோட்டோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கன்று மட்டும்தான். வெள்ளாடு வேறு எங்கே போகும்? ஐப்பசியில் தரையெல்லாம் புல்லும் பூண்டும் மண்டிக்கிடக்கும். ஆடு குனிந்து மேய்வதற்கே நேரம் போதாது. கன்றுக்கு மூன்று மாதம் தவணை கிடைக்கும். மாசி வருவதற்குள் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஆளுயரத்துக்கு வேலி வைத்துவிட வேண்டும். ஆடு வைத்திருப்பவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எங்கள் ஊரில் மேய்ச்சலுக்குப் போகிறவர்களையே வேலி கட்டக் கூப்பிட்டோம். தாங்கள் கட்டிய வேலியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் நட்டால் எல்லாம் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த வருசம் ஐப்பசி முதல் மழையை நம்பி நட்ட 120 கன்றில் முப்பதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. கிணறு, போர் எல்லாம் வற்றி, குடிக்கவே தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தேன். கன்றுக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து ஒரே தவணையில் எல்லாவற்றையும் நடுவதில்லை. பாதியை ஐப்பசி முதல் வாரம், பாதியைக் கார்த்திகை முதல் வாரம். மழை வரவில்லையென்றால் இரண்டாவது பாதி பையிலேயே அடுத்த வருசத்துக்கு நிற்கும்.

2018-ல் நேர்மாறு. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்ததை நாடே பார்த்தது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் நட்ட கன்றில், குச்சி ஊன்றிக் கட்டாத உயரக் கன்றுகள் வேரோடு ஆடிப்போய்ச் சாய்ந்தன. கட்டியவையும் குட்டையானவையும் நின்றன. குச்சி ஊன்றும்போது மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் என்று இரண்டு ஊன்றி, சணல் கயிறால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கன்று கொஞ்சம் ஆடட்டும். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. என் மச்சான் செங்கோட்டையில் இருக்கிறார். அங்கே ஜூனில் சாரல் விழும், அவர் ஆனியில் நட்டு நன்றாகத்தான் வந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. பொள்ளாச்சி, வால்பாறை, கூடலூர் பக்கம் தென்மேற்கு மழைதான் பெரிது, அங்கே ஜூன், ஜூலை சரியான காலம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஆவணி, புரட்டாசியிலேயே நல்ல மழை வந்துவிடும், அங்கே ஐப்பசிவரை காத்திருந்தால் ஒரு மாத மழையை இழந்ததாக ஆகும். அவரவர் ஊரில் பெரிய மழை எப்போது ஆரம்பிக்கிறது என்று அவரவர் வீட்டில் இருக்கிற அப்பத்தாவைக் கேட்டால் தெரியும்.

சித்தப்பா மகன் அபுதாபியில் தோட்ட வேலையில் இருக்கிறான். அங்கே மழையை நம்பி ஒன்றுமே இல்லை, எல்லாம் சொட்டுநீர்க் குழாய்தான். நினைத்த நேரம் தண்ணீர் திறக்கலாம். “அப்ப எந்த மாசம் வேணாலும் நடலாமேடா?” என்று கேட்டேன். “இல்லண்ணே, அக்டோபர்ல சூடு எறங்குனப்புறந்தான் கன்னு எறக்குவோம். மார்ச்சு வரைக்கும் நடுவோம். ஜூன்ல தண்ணி எம்புட்டு விட்டாலும் நிக்காது” என்றான். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் திறந்தவெளியில் ஆளை வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. மனுசனே நிற்க முடியாத வெயிலில் கன்று மட்டும் எப்படி நிற்கும் என்று அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தால் போதும் என்று பதினான்கு வருசத்துக்கு முன்னால் நானும் நினைத்தவன்தான்.

இப்போது ஆவணி. ஜூனில் இலவசமாகக் கன்று கொடுத்தார்கள், வாங்கி வைத்திருக்கிறோம், என்ன செய்வது என்று நாலைந்து பேர் போனில் கேட்டார்கள். தூக்கிப் போட வேண்டாம், அவசரப்பட்டு நடவும் வேண்டாம். இப்போது இருக்கிற பையைவிடப் பெரிய பைக்கு மாற்றுங்கள். அரிசிச் சாக்கை வெட்டித் தைத்தாலும் போதும். புளியமர நிழலோ வீட்டின் கிழக்குப் பக்கமோ, மதிய வெயில் படாத இடத்தில் நெருக்கி அடுக்குங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் ஒன்றுக்கு ஆகும். தண்ணீர் காலையில் ஒருதரம் போதும். பத்து நாளைக்கு ஒருமுறை பையைத் தூக்கி இடம் மாற்றி வையுங்கள். இல்லையென்றால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும், கடைசியில் தூக்கும்போது அறுந்துபோகும். புரட்டாசி பிறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள், தண்ணீரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறையுங்கள். வெளியே வாழப் பழகட்டும்.

எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் 85 இருக்கிறது. வேம்பு நாற்பது, நீர்மருது இருபது, மிச்சம் நாவலும் இலுப்பையும். ஓடைக்கரையில் குழி வெட்டியாகிவிட்டது. நேற்று சாயங்காலம் அரைமணி நேரம் இடியோடு மழை அடித்தது. விடிந்ததும் கம்பியை எடுத்துக்கொண்டு போய்க் குத்திப் பார்த்தேன். ஒரு சாணுக்கும் குறைவாகவே இறங்கியது. திரும்பி வந்து பைகளையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினேன்.